நாலு மணிக் கண்

சென்னியப்பன் ஐந்தாவது முறையாக வந்து எதிரே உட்கார்ந்தபோது மங்கையர்க்கரசிக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. துலா நாணயத் தரச்சான்று நிலையத்தின் குறைதீர் மேசையில் மூன்று வருஷமாக உட்கார்ந்திருக்கிறவளுக்கு அதெல்லாம் எப்போதோ வடிந்துவிட்டது. வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். போன மாதம் அறுபத்தைந்து வாங்கிய காசுக்கு இந்த மாதம் அறுபத்திரண்டு எப்படி வரும்? கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனாலும் ஆகும், பெட்டிக்குள் சீல் வைத்துக் கிடக்கிற வெள்ளி ரூபாய் எப்படித் தேயும்?

அவள் சொல்ல வேண்டிய பதிலை நிர்வாகம் அட்டையில் அச்சடித்து மேசை மேலேயே ஒட்டியிருந்தது. தரம் என்பது ஒரு கருத்து, கருத்து மாறக்கூடும். ஒரு நாளைக்கு இருபது தடவை இதைச் சொல்லிச் சொல்லி, ஒரு நாள் வீட்டு வாசலில் தக்காளி விற்க வந்தவரிடமும் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அவர் தக்காளியை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். இங்கே வருகிறவர்கள் அவ்வளவு லேசில் போவதில்லை.

சென்னியப்பன் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் முப்பத்திரண்டு வருஷம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் 1862-ஆம் வருஷத்து ரூபாய் ஒன்று இருந்தது, விக்டோரியா ராணி தலை போட்டது. எழுபது என்றால் அச்சிலிருந்து அப்போதுதான் விழுந்த காசு. ஒன்று என்றால் அது காசுதான் என்று அடையாளம் தெரிந்ததே புண்ணியம். இந்த எழுபதுக்குள் தன் ரூபாய் எங்கே நிற்கிறது என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். முதல் தடவை அறுபத்தைந்து வந்தது. சந்தோஷத்தில், சரிபார்த்துவிடலாமே என்று நிலையம் சீல் வைத்துத் தந்த பெட்டியைக் குறடால் உடைத்துக் காசை வெளியே எடுத்து, புதுக்காசு மாதிரி மறுபடியும் அனுப்பினார். காசு சேர்க்கிறவர்கள் எல்லோருக்கும் உள்ள கெட்ட பழக்கம்தான். அறுபத்திரண்டு வந்தது. அன்றிலிருந்து மனுஷருக்குத் தூக்கம் போயிற்று.

"அம்மிணி, அந்த அட்டைய மட்டும் படிச்சுக் காட்டீராதீங்க. எனக்கு மனப்பாடமுங்க," என்றார் சென்னியப்பன்.

"படிக்கலீங்க. சொல்லுங்க."

"இந்தக் காச நான் விக்கப் போறதில்லீங்க. யாருகிட்டயும் காட்டிப் பெருமை அடிச்சுக்கப் போறதுமில்ல. அறுபத்திரெண்டுன்னா அறுபத்திரெண்டுன்னு ஒத்துக்கறேன். ஆனா எது நெசம்னு தெரியோணுமுங்க. ஒரு பஸ்ஸு நாலு மணிக்கு எடுத்துச்சா நாலு அஞ்சுக்கு எடுத்துச்சாங்கறதுல கருத்துன்னு ஒண்ணு உண்டுங்களா?"

அவர் பையிலிருந்து நீளமான நோட்டு ஒன்றை எடுத்து விரித்தார். பழைய தொழில் புத்தி விடுமா? ஒவ்வொரு தடவையும் காசு எந்தத் தேதியில், எத்தனை மணி எத்தனை நிமிஷத்துக்குத் தரம் சொல்கிற கருவிக்குள் போனது, என்ன தரம் வந்தது என்று கோடு போட்டுக் குறித்து வைத்திருந்தார். தன் காசு மட்டுமல்ல, வரிசையில் முன்னும் பின்னும் நின்றவர்களின் காசுகளையும் கேட்டுக் கேட்டு எழுதியிருந்தார். மொத்தம் நூற்றெழுபது பதிவு.

அரசி வேண்டாவெறுப்பாகத்தான் பார்த்தாள். இரண்டாம் பக்கத்தில் அவள் விரல் நின்றுவிட்டது. காலையில் போன காசுகளுக்கெல்லாம் தாராளமான தரம். மூன்று மணிக்கு மேல் ஒன்றிரண்டு குறைகிறது. நாலு மணிக்கு மேல் மூன்று, நான்கு குறைகிறது. போன ஐப்பசியிலிருந்து மார்கழி வரைக்கும் மட்டும் காலை பத்து மணிக்கும் அதே கறார்.

"வெளிச்சக் கோளாறாட்ட இருக்குதுங்க. மழைக்காலத்துல இன்னும் மோசம்," என்றார் சென்னியப்பன்.

அந்தக் கருவி ஜன்னலே இல்லாத அறையில் இருக்கிறது. அதற்கு வெயிலும் தெரியாது, மழையும் தெரியாது. அரசி அதைச் சொல்லவில்லை. நோட்டை ஒரு நாளைக்குக் கடனாகக் கேட்டாள். அவர் தயங்கிவிட்டுக் கொடுத்தார், காசைக் கேட்டிருந்தால்கூட அவ்வளவு தயங்கியிருக்க மாட்டார்.

இரண்டாம் மாடியில் பெனாசிர் இருந்தாள். உக்கடத்துப் பெண். கருவியின் கண்ணுக்கு அவள்தான் பொறுப்பு. அந்தக் கண்ணுக்கு அலுவலகத்தில் சின்னரசி என்று பெயர். காரணம் உண்டு. மங்கையர்க்கரசி பதினோரு வருஷம் இதே நிலையத்தில் தலைமைத் தர நிர்ணயராக உட்கார்ந்து நாலு லட்சம் காசுகளைப் பார்த்து எண் போட்டவள். அந்த நாலு லட்சம் தீர்ப்பையும் ஊட்டி வளர்த்த கண் அது. கண் தயாரானதும் அரசிக்குச் சால்வை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள், கீழே குறைதீர் மேசையைக் காட்டினார்கள்.

பெனாசிர் நோட்டை இரண்டு முறை புரட்டினாள். பிறகு திரையில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

"மேடம், நாம சின்னரசிக்கு என்ன சொல்லிக் கொடுத்தோம்னு நினைக்கறீங்க? காசைப் பாத்துத் தரம் சொல்லுன்னா?"

"பின்னே?"

"இந்தக் காசைப் பாத்தா அரசி மேடம் என்ன சொல்வாங்கன்னு சொல்லு. அதைத்தான் சொல்லிக் கொடுத்தோம்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"காலைல பத்து மணிக்கு ஒண்ணுதான் மேடம். உங்க தீர்ப்போட சேத்து, நீங்க அதை எழுதின நேரத்தையும் தேதியையும் உள்ள போட்டுட்டோம். ஃபைல்ல அது கூடவே இருந்துச்சு, யாரும் எடுக்கலை. நாலு மணிக்கு மேல அரசி மேடம் கறாரா இருப்பாங்கன்னு அது கத்துக்கிச்சு. அதான் நாலு மணிக்கு மேல அதுவும் கறாரா இருக்கு. அதுக்குக் களைப்பு கிடையாது. உங்க களைப்பு இருக்கு."

"சோதிச்சுப் பாக்காமயா விட்டீங்க?"

"பாத்தோமே. நூத்துக்குத் தொண்ணூத்தொன்பது உங்களோட ஒத்துப்போச்சு. எல்லாரும் கைதட்டினோம். நீங்க உங்களோட ஒத்துப்போறீங்களான்னு யாருக்கும் பாக்கத் தோணலை."

வேலிக்கு ஓணான் சாட்சி, ஓணானுக்கு வேலி சாட்சி. அரசிக்குச் சிரிப்பு வந்தது. அறுபதை நெருங்குகிற வயதில் தன் களைப்பு தன்னை விட்டுத் தனியாகப் போய், மாடியில் ஒரு அறையில் உத்தியோகம் பார்க்கிறது என்று கேள்விப்பட்டால் வேறென்ன செய்வது?

"இந்த மூணு மாசம்தான் புரியலை," என்று பெனாசிர் திரையில் ஓர் இடத்தைத் தொட்டாள். "ஆறு வருஷத்துக்கு முன்னாடி. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. காலைலயே நாலு மணி மாதிரி இருக்கு. உடம்பு சரியில்லாம இருந்தீங்களா?"

"எனக்கில்ல."

அந்த மூன்று மாதமும் அவள் கணவர் நாச்சிமுத்துவுக்கு வாரம் மூன்று தடவை டயாலிசிஸ் நடந்தது. விடியற்காலை அவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் படுக்க வைத்துவிட்டு, மைத்துனரை மாற்றி விட்டு, அப்படியே ஆபீசுக்கு ஓடி வருவாள். அந்தக் கண்ணோடு பார்த்த காசுகள்தான் அவை. மார்கழி கடைசியில் அவர் போய்விட்டார். அதற்கப்புறம் சின்னரசி மட்டும் வருஷா வருஷம் திதி கொடுக்கிற மாதிரி அந்த மூன்று மாதத்தையும் தவறாமல் அனுசரித்து வந்திருக்கிறது. அவளே மறக்கப் பார்த்ததை அது மறக்கவில்லை.

"எல்லாத்தையும் துடைச்சு எடுத்துடலாம் மேடம்," என்றாள் பெனாசிர் மெதுவாக. பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆனா கீழே இருக்கறதும் இதே கண்ணுதான்," என்றாள்.

கீழே என்றால் அதே கட்டடத்தின் தரைத்தளம். ரேஷன் கடையில் விரல் வைத்தால்தான் அரிசி என்று ஆனபின், வேலை செய்து செய்து விரல் ரேகை அழிந்தவர்கள் பாடு நாய் படாத பாடாகிவிட்டது. விரலை வைத்தால் நீ நீயில்லை என்றது கருவி. கடைசியில் அரசு ஒரு வழி செய்தது. விரல் உண்மையாகவே தேய்ந்திருக்கிறது என்று நிரூபித்தால் ரேகை விலக்கு அட்டை, அதைக் காட்டி அரிசி வாங்கலாம். தேய்மானத்தை அளக்க யாரிடம் நல்ல கண் இருக்கிறது என்று தேடினார்கள். காசின் தேய்மானத்தை அளக்கிற துலாவின் கண் கிடைத்தது. அதே எழுபது அளவுகோல். முப்பதுக்குக் கீழே வந்தால் அட்டை.

அரசி தினமும் அந்த வரிசையைத் தாண்டித்தான் மாடிப்படி ஏறுவாள். ஒவ்வொரு நாளும் வியப்பாக இருக்கும். வேறு எந்த ஊர் வரிசையிலும் முட்டி மோதிக்கொண்டு நிற்பார்கள். இங்கே ஒருவரையொருவர் உபசரித்துக்கொள்வார்கள். 'நீங்க போங்க', 'அட, பரவால்லீங்க, நீங்க முன்னால போங்க' என்று சம்பந்தி வீட்டுப் பந்தியில் போல. கோயமுத்தூர் மரியாதை என்பது சும்மாவா என்று பெருமையாகக்கூட நினைத்திருக்கிறாள்.

அன்று மூன்று மணிக்கு இறங்கி வந்து வரிசையோரம் நின்றாள். கிரைண்டர் கல் பட்டறையில் இருபத்தெட்டு வருஷம் கல் தேய்த்த ராமாத்தாள் என்ற அம்மாள், தனக்குப் பின்னால் நின்றவரை முன்னே விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, உங்க முறைதானே? நீங்க போகலீங்களா?"

ராமாத்தாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "புதுசுங்களா? இப்பப் போனா முப்பத்தி மூணுங்கும். நாலடிக்கட்டும்."

"நாலடிச்சா?"

"நாலுக்கு மேல அதுக்குக் கொஞ்சம் எரக்கம் வந்துருதுங்க. இருவத்தொம்பது, இருவத்தெட்டுன்னு போடும். போன மார்கழில வந்தவிய எப்ப வந்தாலும் வாங்கிட்டுப் போனாங்களாம். எனக்கு அப்ப ஆரு சொன்னா?"

"மெஷினுக்கு ஏதுங்க இரக்கம்?"

"ஆரோ ஒரு பொம்பளையோட கண்ணாமுங்க அது. நல்லா இருக்கட்டும் அந்த மகராசி."

ராமாத்தாள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். விரல் நுனிகள் பத்தும் வழுவழுவென்று இருந்தன. காசாக இருந்தால் நாலு மணி அரசி கண்ணை மூடிக்கொண்டு இருபத்தொன்பது போட்டிருப்பாள். காலை பத்து மணிக்கு? காலை பத்து மணி அரசி எதிலும் நல்லதைத் தேடுகிறவள். அங்கங்கே மிச்சமிருந்த ஒன்றிரண்டு கோட்டைப் பார்த்து, பரவாயில்லை, ரேகை இருக்கிறது என்று முப்பத்து மூன்று போட்டிருப்பாள். காசுக்குக் கருணை காட்டிய கண் மனுஷியின் வயிற்றில் அடித்திருக்கிறது. சலித்துப்போன கண் சோறு போட்டிருக்கிறது.

"ஒருத்தருக்கு மூணு வாட்டிதானுங்க," என்றாள் ராமாத்தாள். "வெவரந் தெரியாம ரெண்டு வாட்டி காத்தால வந்து தோத்துட்டேன். ரெண்டு மாசமா ஒறம்பரை ஊட்டுச் சோறு, சொந்தக்காரங்க தயவுலதான். இனி ஒண்ணுதான் பாக்கி."

அன்று எல்லோருமே நாலு மணிக்குக் காத்திருந்ததால் நாலிலிருந்து ஐந்துக்குள் பாதிப் பேருக்குத்தான் முறை வந்தது. ராமாத்தாளுக்கு அடுத்த செவ்வாய், மாலை நாலு பத்துக்கு டோக்கன் கொடுத்தார்கள். அவள் அதை முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

மறுநாள் நிர்வாக இயக்குநர் பாலதண்டபாணி அரசி, பெனாசிர் இருவரையும் கூப்பிட்டார். காசு சேர்ப்போர் சங்கம் நுகர்வோர் மன்றத்துக்குப் போகப்போகிறதாம். நல்ல மனுஷர்தான், எல்லோரிடமும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். பெனாசிர் விஷயத்தைச் சொன்னதும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"திங்கக்கிழமைக்குள்ள சரி பண்ணீருங்க. நேரத்தைத் தூக்கி எறிஞ்சிருங்க."

"நேரத்தை மட்டும் எடுத்தா, கண்ணு ரெண்டுக்கும் நடுவுல நிக்கும் சார்," என்றாள் பெனாசிர். "புதுசா ஒரு அளவு கொடுக்கணும்."

"அப்பக் காலைல பத்து மணி அரசி மேடம்தான் அளவு. அவங்களுக்குத்தான நாம சால்வை போட்டது?"

"கீழே விரல் பாக்கறதுக்குத் தனியா ஒரு கண்ணு வெச்சுக்கலாமுங்களா?" என்று கேட்டாள் அரசி.

"அதுக்குப் புது டெண்டருங்க. மூணு வருசம் ஆகும்."

"முப்பதை முப்பத்தஞ்சா மாத்தச் சொல்லிக் கேட்டா?"

"ஏன் மாத்தணும்னு கேப்பாங்களே. நேரத்துக்குத் தகுந்த மாதிரி மாறுதுன்னு சொல்றதா? சொன்ன அன்னிக்கே, இதுவரைக்கும் குடுத்த ஒன்பதாயிரம் அட்டையும் செல்லாதுன்னு அறிவிப்பாங்க." அவர் குரல் தணிந்தது. "எனக்கும் மனசு கேக்கலை மேடம். வாயை மூடிட்டு இருக்கறதுதான் அந்த ஒன்பதாயிரம் பேருக்கும் நல்லது."

அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் கஷ்டம். ஒன்பதாயிரம் பேருக்கு நல்லது, பத்தாவது ஆயிரத்தில் நிற்கிற ராமாத்தாளுக்குச் செவ்வாய்க்கிழமை முப்பத்து மூன்று. அதற்கப்புறம் அவளுக்கு வாய்ப்பே கிடையாது.

"பழசை எதுவும் நம்ப வேண்டாமுங்க," என்றாள் அரசி. "இருநூறு காசு குடுங்க. சனிக்கிழமை நானே உக்காந்து புதுசாப் பாத்து எண் போட்டுத் தரேன். அதை அளவா வெச்சுக்கட்டும்."

பாலதண்டபாணிக்கு ஏக சந்தோஷம். பெனாசிர் மட்டும் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள்.

சனிக்கிழமை காலை பழைய நாற்காலி, பழைய விளக்கு, பழைய லென்ஸ். நிஜமாகவே பார்க்கத்தான் அரசி உட்கார்ந்தாள். ராமாத்தாளை நினைத்துக் கேட்டது வேறு, உட்கார்ந்ததும் வந்த தொழில் புத்தி வேறு. பதினோரு வருஷத்தில் தெரிந்து ஒரு காசுக்கும் அவள் பொய் எண் போட்டதில்லை. நாச்சிமுத்து ஆசையாகக் கொண்டுவந்து நீட்டிய சுல்தான் காலத்துச் செம்புக் காசுக்கே இரக்கம் பார்க்காமல் பன்னிரண்டு போட்டு, இரண்டு நாள் வீட்டில் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தவள். மதியத்துக்குள் நூறு காசு முடிந்தது. சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் காசின் பக்கம் நின்றதாகத்தான் அவளுக்கு நினைப்பு. தாள் மாடிக்குப் போயிற்று.

டிபன் பாக்ஸைத் திறந்து தயிர் சாதத்தில் கை வைத்தாள். அடுத்த வாய் இறங்கவில்லை. ஒறம்பரை வீட்டுச் சோறு என்று அந்த அம்மாள் சொன்ன தோரணை காதிலேயே நின்றது. எத்தனை நாளைக்குப் போடுவார்கள்? முதல் வாரம் இலை போட்டு, இரண்டாம் வாரம் தட்டில், மூன்றாம் வாரம் 'வந்துட்டியா' என்ற முகத்தோடு. பாக்ஸை மூடிவிட்டுக் கை கழுவினாள். முடிவு செய்துவிட்டாள்.

பிற்பகல் நூறு காசுக்கும் அவள் தெரிந்தே அநியாயம் செய்தாள். எங்கெல்லாம் சந்தேகம் வந்ததோ அங்கெல்லாம் காசுக்கு எதிராக எழுதினாள். கஷ்டமாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள், இல்லை. சொல்லப்போனால் பழக்கப்பட்ட வேலை மாதிரி ஓடியது. நூற்று அறுபதாவதாக வந்தது, மறுபடி தரம் பார்க்கக் கொடுத்திருந்த ஒரு விக்டோரியா ரூபாய். பெயர் இல்லை, எண் மட்டும்தான். ராணியின் காதுக்குக் கீழே இருந்த ஊசிமுனைப் புள்ளியை வைத்து யாருடையது என்று கண்டுகொண்டாள். முதல் தடவை சென்னியப்பன் அதைக் குறைதீர் மேசையில் வைத்தபோது மனதுக்குள் அறுபத்தைந்து என்று சொல்லிக்கொண்டது நினைவிருந்தது. எது நெசம்னு தெரியோணுமுங்க என்றாரே அந்த மனுஷர். பேனாவை எடுத்து அறுபத்தொன்று என்று எழுதினாள். எழுதிவிட்டு அடுத்த காசை எடுப்பதற்கு வெகுநேரம் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரே யோசனை. பாதி நியாயம், பாதி பொய். கண் நடுவில்தான் நிற்கும். முப்பத்தொன்று. இரண்டே எண்ணில் போய்விடும் அந்த அம்மாளின் அரிசி. காலைத் தாளையும் மாற்றி எழுதியிருக்க வேண்டும். பொய் சொல்லத் துணிந்தவளுக்கு முழுசாகச் சொல்லத் தெரியவில்லையே என்று தன்னைத்தானே நொந்துகொண்டாள்.

திங்கட்கிழமை பெனாசிர் மேசைக்கே வந்தாள். "சூப்பர் மேடம். காலைத் தாள்லயும் மத்தியானத் தாள்லயும் கறார் அச்சு அசல் ஒண்ணா இருக்கு. இனிமே கண்ணு நகராது."

"ஒண்ணா இருக்குதா?"

"பழைய நாலு மணி அளவுலதான் ரெண்டுமே நிக்குது. எம்.டி. கேட்டாரு. அவங்க தீர்ப்பு அதான் சார்னு சொல்லிட்டேன்."

அரசி, காலைத் தாளை இந்தப் பெண் தனக்காக மாற்றிவிட்டாள் என்றுதான் நினைத்தாள். நன்றி சொன்னால் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும் என்று தலையை மட்டும் ஆட்டினாள். பெனாசிர் எதற்கோ தயங்கி நின்றுவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமை நாலு பத்துக்கு ராமாத்தாளுக்கு இருபத்தொன்பது வந்தது. அதைவிடப் பெரிய விஷயம், அன்று காலை பத்தரை மணிக்கு வந்தவர்களுக்கும் கிடைத்தது. சேதி பரவியது. புதன்கிழமை காலை தரைத்தளத்தில் ஒரே தள்ளுமுள்ளு. எவரும் எவரையும் முன்னால் போகச் சொல்லவில்லை. யார் காலை யார் மிதித்தார்கள் என்று சண்டை. அரசி அந்தக் கூச்சலைக் காது குளிரக் கேட்டுக்கொண்டே படியேறினாள்.

மேலே சென்னியப்பன் உட்கார்ந்திருந்தார்.

"மூணு வாட்டி போட்டுப் பாத்துட்டேனுங்க. நேத்துக் காத்தால, மத்தியானம், சாயங்காலம். மூணுமே அறுபத்தொண்ணு. இப்பச் சரியா ஓடுது. ஆனா அம்மிணி, முந்தி வந்த அறுபத்தஞ்சு பொய்யா? இப்ப வர்ற இது பொய்யா? அதை மட்டும் சொல்லீருங்க. நான் எந்திரிச்சுப் போயர்றேன்."

அட்டை கண்முன்னே ஒட்டியிருந்தது. அதைப் படித்துவிட்டால் தீர்ந்தது. அவளால் முடியவில்லை.

"உங்க காசு அறுபத்தஞ்சுங்க," என்றாள். "நாந்தான் பொய் எழுதினேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். வரிசை, ராமாத்தாள், நாலு மணி, சனிக்கிழமை மதியம். வெளியே சொன்னால் ஒன்பதாயிரம் அட்டையும் போய்விடும் என்பதையும், தன் வேலையும் பெயரும் போய்விடும் என்பதையும் சொன்னாள்.

"அப்ப என் காசுல இருந்து நாலைக் கிள்ளி அந்தம்மா தட்டுல போட்டுட்டீங்க."

"ஆமாங்க."

"போட்டது போட்டாச்சு. உடுங்க. வெளிய சொல்ல மாட்டனுங்க." அவர் ரூபாயை எடுத்துத் துணியோடு அவள் முன்னே வைத்தார். "எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்யோணும். அந்த அறுபத்தஞ்சு எங்க இருக்குதுன்னு ஒருக்காக் காட்டீருங்க. கண்ணுல பாத்துக்கறேன். பொறகு கேக்கவே மாட்டேன்."

நியாயமான கேள்வி. இவ்வளவாவது செய்ய வேண்டாமா? அரசி மனம் லேசாகி லென்ஸை எடுத்தாள். நல்ல காலை வெளிச்சம். காசை விளிம்பில் பிடித்து மெல்லச் சுழற்றினாள். ராணியின் கன்னத்தில் ஓர் ஒளி சக்கரம் மாதிரி சுற்றி வரும், அதைக் காட்டினால் போதும்.

கன்னத்தில் இரண்டு கீறல் தெரிந்தது. கொண்டையில் தேய்மானம் தெரிந்தது. வயல்போல் விரிந்த வெற்றிடத்தில் ஒரு மங்கல். விளக்கைக் கிட்டே இழுத்தாள். லென்ஸைத் துடைத்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி சுழற்றினாள். ஒளி எங்கே? இங்கேதான் இருந்தது. அவள் பார்த்திருக்கிறாள். எத்தனை சுழற்றியும் அவளுக்குக் கிடைத்தது நேர்மையான, பிசகில்லாத அறுபத்தொன்று.

சனிக்கிழமை காலைத் தாளை பெனாசிர் மாற்றவில்லை. அது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பொய் சொல்லத் தீர்மானிப்பதற்கு முன்னால், முழு நியாயத்தோடு உட்கார்ந்து பார்த்த நூறு காசுக்கும் அவள் இதே எண்ணைத்தான் போட்டிருக்கிறாள். மதியம் அவள் எந்த அநியாயமும் செய்யவில்லை, செய்வதற்கு வேறொரு கண் அவளிடம் மிச்சமில்லை. காலை பத்து மணி அரசி என்று ஒருத்தி எப்போது போனாள் என்பதுகூட அவளுக்குத் தெரியாது. அழுகை வந்தது. வெட்கமில்லாமல் அழுதாள்.

"தெரியலீங்க," என்றாள். "முன்னாடி தெரிஞ்சுதுங்க. இப்ப எனக்கே தெரியலீங்க."

சென்னியப்பன் காசைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மிணி, கடைசியா எப்பங்க லீவு போட்டீங்க?"

அவள் யோசித்தாள். விரல் விட்டு எண்ணக்கூட எதுவும் அகப்படவில்லை.

"எங்கூட்டுக்காரர் தவறினப்பங்க. மூணு நாளு."

"அது ஆச்சுங்களே ஆறு வருசம்."

"ஆமாங்க."

அவர் ரூபாயைத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். "லென்ஸை வெச்சுட்டு எந்திரிங்க. கீழ ஆட்டோ நிக்குது, கூப்படறேன். ஊட்டுக்குப் போய்ப் படுங்க."

"மேசைல ஆளில்லாமப் போயிருமுங்க," என்றாள் அரசி, பழக்க தோஷத்தில். "ஆபீசு முடிய இன்னும் நேரமிருக்குது."

சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தே கால்.